விளங்கிச் சொன்ன ‘மாட்டன்’

நெடுங்கேணிப் பக்கத்து வயல் கிராமங்களில் சிறுநீரக நோய் ஏன் வருகிறது என்று ஆராய்ந்த குழுவொன்றில் நான் கள உதவியாளராக இருந்தேன். வீடு வீடாகப் போய் ஆய்வை விளக்குவதும், சம்மதிப்பவர்களிடம் இரத்தமும் சிறுநீரும் எடுப்பதும் என் வேலை.

எல்லோரும் சம்மதித்தார்கள். பாதி விளக்கம் முடியும் முன்பே கையை நீட்டினார்கள். குழுவின் பெண் டொக்டரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் மகிழவில்லை. அவர்களுக்கு என்ன விளங்கியது என்று கேட்டு வரச் சொன்னார். போய்க் கேட்டேன். ஒருவர் கிட்னி வருத்தம் வராமல் ஊசி போட்டதாக நினைத்திருந்தார். இன்னொருவர், மறுத்தால் ஆஸ்பத்திரியில் மருந்து தரமாட்டார்கள் என்று பயந்திருந்தார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. டொக்டரும் நானும் சேர்ந்திருந்து விளக்கத்தை முழுதாக மாற்றினோம். ‘தன்னார்வப் பங்கேற்பு’ போய், ‘விருப்பமெண்டா மட்டும்’ வந்தது. ஏற்கெனவே போன வீடுகளுக்கும் திரும்பப் போனேன். சொல்லி முடித்ததும், விளங்கியதைத் தங்கள் வாயால் சொல்லச் சொன்னேன்.

அப்படித்தான், அதுவரை போகாத ஒரு வீட்டுக்குப் போனபோது அந்த அக்காவைக் கண்டேன். முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தார். கணவர் வோட்டர் பம்ப் ஒன்றைக் கழற்றி வைத்திருந்தார். அக்கா வேலையை நிறுத்தாமலே கேட்டார். பிறகு ஒன்றும் விடாமல் திருப்பிச் சொன்னார்: இது வைத்தியம் இல்லை, ஆராய்ச்சி, முடிவை எங்களுக்குச் சொல்லுவீர்கள், வேண்டாமென்றால் விடலாம், ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் வராது.

“எல்லாம் விளங்கிச்சு தங்கச்சி. நான் மாட்டன். ஏனெண்டும் சொல்ல வேணுமே?”

“தேவையில்லை அக்கா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மாட்டன் எண்டுறன், நீர் சிரிக்கிறீர்?”

நான் சொன்னது ஒருவருக்கு உண்மையாகவே விளங்கியிருக்கிறதே, அந்தச் சந்தோசம்தான் என்றேன். அவரும் சிரித்தார். தேத்தண்ணி போட்டுத் தந்தார். கணவர் கையில் இருந்த கிறீஸைத் துடைத்துவிட்டு, தனக்கு விளங்கியதை அவரும் ஒப்புவித்து, கையை நீட்டினார்.

முடிவுகளைச் சொல்ல ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தபோது, முன் வரிசைக் கதிரையில் அந்த அக்கா இருந்தார். கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அதிகம் கேள்வி கேட்டதும் அவர்தான். ஆய்வில் சேராதவர் என்று யாரும் பார்க்கவில்லை. டொக்டர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

தனிப்பட்ட முடிவுகளை மட்டும் பக்கத்து அறையில் கதவைச் சாத்தி, ஒவ்வொருவருக்கும் தனியே சொன்னோம். அடுத்தவர் காதில் விழக்கூடாது என்று அவ்வளவு கவனம். அக்காவின் கணவர் வெளியே வந்தார். மண்டபம் முழுக்கக் கேட்க அறிவித்தார்: “என்ர கிட்னி ரெண்டும் நல்லாயிருக்காம்.”

“அப்ப நாளைக்கு வயல் வரம்பு கட்டலாம்,” என்றார் அக்கா.

சிரிப்பு அடங்க வெகு நேரமானது. அதிகம் சிரித்தவர் எங்கள் டொக்டர்.