தனிய வந்த பிள்ளைக்கு ஒரு றூம்

லொட்ஜ் கவுண்டரில நிக்கிற வேலை எண்டது, தெரிஞ்ச விசயத்தைத் தெரியாது எண்டு சிரிச்ச முகத்தோட சொல்லுற வேலை. கவுண்டருக்குப் பின்னால நிண்டு நிண்டு கால் வீங்கின சகோதரங்களுக்கு இது விளங்கும். மற்றவைக்குச் சொல்லுறன்.

நான் நிக்கிறது கிளிநொச்சியில, பெரிய றோட்டுக் கரையில இருக்கிற ஒரு சின்ன லொட்ஜில. தனிய வாற பொம்பிளையளுக்கு றூம் குடுக்க முதலாளிக்கு விருப்பமே இல்லை. வேலைக்கெண்டு வாற பிள்ளையள் பின்ன பஸ் ஸ்ராண்டிலயோ படுக்கிறது எண்டு நான் சண்டை பிடிச்சுத்தான் சம்மதிக்க வைச்சனான். சம்மதிக்கேக்கயே சொல்லிப்போட்டார்: "ஒரு வில்லங்கம் வந்தாலும் அதோட சரி, பிள்ளை. பிறகு என்னைக் கேக்கக்கூடாது."

முதலாளியின்ர தொண்டை

முதலாளி கெட்ட மனுசன் இல்லை. தொண்டைதான் கெட்டது. முன் விறாந்தையில கதிரையைப் போட்டு இருப்பார். ஒருநாள், அக்கராயனில விவசாய வகுப்பு எடுக்க வந்த ஒரு ரீச்சர் பையோட படியேறி வாறா. இவர் இருந்த இடத்திலயே இருந்துகொண்டு, "மேல கடைசி றூமைக் குடு பிள்ளை, தனிய வந்தவா, அங்க ஒரு சனமும் இராது" எண்டு கத்தினார். நெல்லு ஏத்த வந்த லொறிக்காரர் எல்லாரும் தேத்தண்ணிக் கோப்பையோட திரும்பிப் பாத்தினம். எனக்கு விசர் வந்திட்டுது.

நான் வாயைத் திறக்கேல்லை. படிக்குப் பக்கத்தில, என்ர கண்ணுக்கு முன்னால இருக்கிற றூமின்ர திறப்பை எடுத்து அவவின்ர கைக்குள்ள வைச்சன். ரீச்சர் திறப்பைப் பாத்தா, என்னைப் பாத்தா, பிறகு மெல்லக் குனிஞ்சு சொன்னா: "நன்றி தங்கச்சி. அந்தக் கடைசி றூமில ஆரும் தங்க வந்தால், அவையைக் கொஞ்சம் கவனமா இருக்கச் சொல்லுங்கோ."

ஊர் முழுக்கக் காவல்

இதுக்கு நான் முதலாளியோட நல்லா ஏறி விழுந்தன். மனுசன் உண்மையாவே கவலைப்பட்டார். கவலைப்பட்டு என்ன செய்தார் தெரியுமோ? அடுத்ததா வவுனியாவில இருந்து ஒரு இளம் பிள்ளை கொம்பனிக் கணக்குப் பாக்க வந்து நிண்டவள். அவளுக்குக் காவல் போட்டார். ஓட்டோ ஸ்ராண்டில சொன்னார், தேத்தண்ணிக் கடையில சொன்னார், சலூனில தாடி வழிக்கேக்கயும் சொன்னார், தனிய வந்த பிள்ளை எங்கட லொட்ஜில நிக்குது, ஒரு கண் வைச்சிருங்கோ எண்டு.

பின்னேரம் பிள்ளை திரும்பி வரேக்க முகம் வெளிறிப் போய்க் கிடக்கு. பஸ்ஸால இறங்கி நடந்து வாற வழி முழுக்க, முன்பின் தெரியாத ஆம்பிளையள் வந்து, நீங்கதானே தங்கச்சி தனிய வந்து நிக்கிறது, பயப்பிடாதேங்கோ, நாங்கள் இருக்கிறம் எண்டு சொல்லியிருக்கினம். அதில ஒருத்தரும் கெட்டவை இல்லை. நான் தண்ணி வாத்துக் குடுத்தன். குடிச்சு முடிச்சிட்டுச் சொன்னாள்: "அக்கா, இவ்வளவு பேர் பயப்பிடாதேங்கோ எண்டு சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது."

றீற்றா அன்ரியும் ஆறின தேத்தண்ணியும்

இனி இவரை நம்பிச் சரிவராது எண்டு நானே ஒரு சட்டம் போட்டன். ஆர் கதவைத் தட்டினாலும் உடன திறக்காதேங்கோ, முதல் கவுண்டருக்குப் போன் எடுத்து, ஆளை அனுப்பினதோ எண்டு கேளுங்கோ. முல்லைத்தீவுக் கரையில இருந்து றீற்றா அன்ரி அரசாங்கக் கந்தோர் அலுவலா வந்து நிண்டவா. சொந்த வள்ளம் வைச்சு மீன்பிடித் தொழில் நடத்துற மனுசி. நான் சொன்னதைப் பூசையில பிரசங்கம் கேக்கிற மாதிரிக் கேட்டா.

காலமை நானே தேத்தண்ணியோட போய்த் தட்டினன். ஆர் எண்டா. நான்தான் அன்ரி எண்டன். உள்ளுக்குச் சத்தம் இல்லை. கீழ கவுண்டரில போன் அடிக்குது. ஆர் எடுக்கிறது? எடுக்க வேண்டிய ஆள் மேல கதவடியில நிக்கிறன். "அன்ரி, நீங்கள் எனக்குத்தான் அடிக்கிறியள்" எண்டு கெஞ்சினன். "குரல் அந்தப் பிள்ளையின்ர போலத்தான் கிடக்கு, ஆனா அங்க ஒருத்தரும் எடுக்கினம் இல்லையே" எண்டு பதில் வருது. வேற வழியில்லை, தேத்தண்ணியை நிலத்தில வைச்சிட்டுக் கீழ ஓடி, மூச்சிழுக்க மூச்சிழுக்கப் போனை எடுத்தன். அன்ரி இரகசியமாச் சொன்னா: "பிள்ளை, மேல ஒருத்தி உம்மட குரலில கதைச்சுக்கொண்டு நிண்டவள். கவனம்."

தமையன்

இது சிரிப்புக் கதை இல்லை. ஒரு மத்தியானம், வட்டக்கச்சிப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன் வெள்ளைச் சேட்டோட வந்தான். மேல நிண்ட ஒரு பிள்ளையின்ர பேரைச் சொல்லி, நான் தமையன், எந்த றூம் எண்டு கேட்டான். "இவன்ர தகப்பனை எனக்கு நல்லாத் தெரியும், சொல்லன் பிள்ளை" எண்டார் முதலாளி. ஆர் நிக்கினம் எண்டு நாங்கள் சொல்லுறேல்லைத் தம்பி, கொஞ்சம் இருங்கோ எண்டிட்டு, பின்னால சமைக்கிற குசினிக்குள்ள போய் அவளுக்குப் போன் எடுத்து, ஆள் எப்பிடி எண்டு சொன்னன். "எனக்குத் தமையனே இல்லை அக்கா. அவனைக் கலியாணம் கட்டமாட்டன் எண்டு சொன்ன நாளில இருந்து பின்னால திரியிறான்" எண்டாள்.

நான் வெளியில வாறதுக்குள்ள அவன் படியில காலை வைச்சிட்டான். ஆனா படி முழுக்கச் சவுக்காரத் தண்ணி. எங்கட றூம் கழுவுற ராசாத்தி அக்கா, மலையகத்தால வந்து இங்க குடியேறின குடும்பம், மேல்படியில தும்புத்தடியோட நிக்கிறா. "வழுக்கும் தம்பி. இன்னைக்கு முழுக்க வழுக்கும்" எண்டா. அவன் முதலாளியைத் தாறுமாறாப் பேசிப்போட்டுப் போனான். பிள்ளையை ராசாத்தி அக்காவே கூட்டிக்கொண்டு போய் பஸ்ஸில ஏத்திவிட்டா. அவளுக்குத் தமையனே இல்லை எண்டு நான் முதலாளிக்குச் சொன்னன். அதுக்கு அவர் சொன்னார்: "இதைத்தான் சொல்லுறன், அவையள் வந்தால் பின்னால வில்லங்கமும் வருது. வாற மாசத்தில இருந்து தனியப் பொம்பிளையளுக்கு றூம் இல்லை." நான் குசினிக்குள்ள போய் அழுதன்.

அப்பன் கதைக்கிறன்

அந்த மாசம் முடியிறதுக்குள்ள முதலாளியின்ர மகளுக்கு வேலை கிடைச்சு, பயிற்சிக்குத் திருகோணமலைக்குப் போனாள். அங்க ஒரு லொட்ஜில தனியத்தான் நிண்டவள். ஒரு பின்னேரம் அவளின்ர போன் வேலை செய்யேல்லை. முதலாளி பதறிப்போய் அந்த லொட்ஜுக்கே போன் எடுத்தார். ஸ்பீக்கரில போட்டதால எனக்கும் கேட்டது.

"அப்பன் கதைக்கிறன். என்ர மகள் எந்த றூம்?"

"மன்னிக்கோணும் ஐயா, ஆர் நிக்கினம் எண்டு நாங்கள் சொல்லுறேல்லை. உங்கட பேரைச் சொல்லுங்கோ."

"அப்பன் எண்டு சொல்லுறனெல்லே."

"எல்லாரும் ஏதோ ஒரு உறவுதான் ஐயா சொல்லுறவை."

முதலாளி வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டு வைச்சார். நான் துடைச்ச கவுண்டரையே திரும்பத் திரும்பத் துடைச்சுக்கொண்டு நிண்டன். கொஞ்ச நேரத்தில மகளே எடுத்தாள். போனில சார்ஜ் முடிஞ்சிருந்ததாம். கவுண்டர்ப் பிள்ளை மேல வந்து, அப்பா எண்டு சொல்லி ஒருத்தர் ஏசினவர், உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ எண்டு கேட்டவளாம். முதலாளி போனை வைச்சார். பிறகு என்ர பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அது நல்ல லொட்ஜ், பிள்ளை. வாற மாசத்தில இருந்து றூம் இல்லை எண்டு நான் ஒண்டும் சொல்லேல்லை."

நான் மாசக்கணக்கா வாய் நோகச் சொல்லியும் அந்த மனுசனுக்கு ஏறாததை, முகம் தெரியாத ஒரு பிள்ளை ஒரே போனில ஏத்திப்போட்டாள், அதுவும் எங்களை மாதிரியே ஏச்சு வாங்கிக்கொண்டு.