சைரன் ஊதாத தண்ணீர்

சென்ற மார்ச் 16, மாலை ஆறு இருபது. மேகம் குறைவு, காற்று பலம். ஹட்டனிலிருந்து நீர்கொழும்பில் உள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்த நானும் மனைவியும் கடற்கரைக்குச் சென்றோம்.

சூரியன் மறைவதைப் படம் பிடிக்க, என் பழைய பிலிம் கமராவுடன் கரையோரப் பாறையொன்றில் ஏறி, முக்காலியை நிறுத்தினேன். பாறை காய்ந்திருந்தது. பிலிமில் நான்கு படங்களே மிச்சம். மங்கிய வெளிச்சத்தில் ஒவ்வொன்றுக்கும் எட்டு விநாடி தேவை. குனிந்து எண்ணத் தொடங்கினேன்.

"என்னங்க, தண்ணி ஏறுதுங்க! எறங்கி வாங்க!" என்று மனைவி கரையிலிருந்து கத்தினாள்.

"பேசாம இரு, எண்ணிக்கை தப்பிரும்!"

"எண்ணுறதுக்கு ஆளு இருக்கணும்ல! இது நம்ம ஊரு டேம் இல்லைங்க!"

எங்கள் பக்கம் அணையைத் திறக்குமுன் சைரன் ஊதுவார்கள். கேட்டதும் ஆற்றைவிட்டு ஏறிவிடுவோம். அந்தப் பழக்கத்தில், தண்ணீர் சொல்லிவிட்டுத்தான் வரும் என்று அசட்டையாக இருந்துவிட்டேன்.

ஆறு என்று எண்ணும்போது அலை இடுப்பில் அடித்தது. கமராவோடு கீழே விழுந்தேன். பிடிக்க எதுவும் அகப்படவில்லை. அடுத்த அலை உள்ளே இழுத்தபோது, தண்ணீரில் இறங்கிவிட்ட மனைவி என் சட்டைக் கழுத்தைப் பற்றிக்கொண்டாள். கரை சேரும்வரை விடவில்லை.

இப்போதெல்லாம் பாறையில் ஏறுமுன் கால் மணி நேரம் அலையைக் கவனிக்கிறேன். படமெடுக்கும்போது என் கண் கடலில்தான். விநாடிகளை அவள் கரையிலிருந்து எண்ணுகிறாள், கொஞ்சம் வேகமாகவே.

கமரா பழுதுபார்க்க 14,500, கடல் கொண்டுபோன அவள் செருப்புக்கு 1,350. ஆக மொத்தம் 15,850 ரூபாய்.