பின்வாசல் மார்லிஸ்

அம்மா யார் வீட்டு முன்வாசலுக்கும் போவதில்லை. எங்கள் ஊரில் முன்கதவைத் தட்டுகிறவர் ஓட்டுக் கேட்க வந்தவராக இருப்பார், இல்லையென்றால் வேதம் சொல்ல வந்தவராக இருப்பார். அவள் கேட்கப் போவதும் ஓட்டுத்தான். ஆனாலும் வீட்டைச் சுற்றிக்கொண்டு, பனியில் பாதி புதைந்த குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் பின்கதவுக்குப் போகிறாள். காலணியைப் படியில் உதைத்துப் பனியை உதறுகிறாள். அதுதான் அவளுடைய அழைப்புமணி. உள்ளே இருப்பவர் யாரென்று கேட்டு எழுந்து வருவதற்குள் அவள் அடுப்பருகே நின்று, கொதிக்கிற சட்டியின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"உப்பு பத்தல" என்பாள். அரசியல் அதற்குப் பிறகுதான்.

மார்லிஸ் வோன்ட்ராவுக்கு எழுபது தாண்டிவிட்டது. உயரம் போதாது, மேல் அலமாரிக்கு முக்காலி வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் இரண்டு பேருக்குச் சமைக்கத் தெரியாது. ஒரு வகுப்புக்குச் சமைத்துவிட்டு, மீதியைத் தெருவுக்குக் கொடுக்கிறாள். இந்தக் குளிர்காலம் முழுவதும் அப்பாவின் தடித்த பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறாள். கை நீளம், மடித்துவிட்டிருக்கிறாள். மடிப்புக்குள் எப்போதும் ஒரு பென்சில்.

ஊருக்கு இரண்டு முனைகள். ஏரிப்பக்கம் புது வீடுகள். சன்னல்கள் எல்லாம் தண்ணீரைப் பார்த்திருக்கும். மறுமுனையில் இறைச்சி ஆலை, அதை ஒட்டி வரிசையாக, வண்டியில் இழுத்துவந்து நிறுத்திய இழுவை வீடுகள். தெற்குக் காற்று அடித்தால், ஆலை நாற்றத்துக்குப் பயந்து, அங்கே துணி காயப்போட மாட்டார்கள். பள்ளிக்கூடம் நடுவில். இரண்டு முனைப் பிள்ளைகளின் தட்டிலும் அவள் ஒரே கரண்டியால் ஊற்றினாள்: பீன்ஸும் இறைச்சியும் போட்ட காரக்குழம்பு, கூடவே இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரொட்டிச் சுருள். எங்கள் அயோவா மாநிலத்துக்கு வெளியே இந்த ஜோடியைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

மதிய உணவுக்குப் பணம் கட்டாத பிள்ளையின் சூடான தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, குளிர்ந்த சீஸ் ரொட்டி கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. அந்த ஆண்டு முழுக்க அவள் சமையலறையில் சீஸ் கிடைக்கவே இல்லை. கேட்க வந்த அதிகாரியிடம் "சீஸ் தீர்ந்துபோச்சு" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். குளிரறையில் செங்கல் செங்கலாகச் சீஸ் இருந்தது ஊருக்கே தெரியும். அதிகாரியின் மகளும் அங்கேதான் படித்தாள்.

அவளுடைய அரசியல் அவ்வளவுதான். சூடான தட்டை யாரும் திரும்ப வாங்கக் கூடாது. ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு வந்தால், பணக்காரன் இன்னும் கொஞ்சம் வரி கட்டட்டும் என்று யார் சொல்கிறாரோ அவருக்காகப் பின்வாசல்களுக்குப் புறப்பட்டுவிடுவாள். அவர்கள் பெரும்பாலும் தோற்பார்கள்.

அப்பா வேறு மூலை. மூலை என்று நான் சொல்வது நிஜமான மூலை. எங்கள் மாநிலத்தில் எங்கள் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போடுவதில்லை. ஜனவரிக் குளிரில் ஒரு மாலை, அக்கம்பக்கத்தவர் எல்லாரும் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூடி, தங்கள் வேட்பாளருக்குரிய மூலையில் போய் நிற்க வேண்டும். ஆளை எண்ணுவார்கள். கடிதம் செல்லாது, பதில் ஆள் செல்லாது, உடம்பு வந்து நிற்க வேண்டும். ஒரு மூலையில் போதிய ஆள் இல்லாவிட்டால் அந்த மூலை கலைந்துவிடும். அதற்கு முன் அரை மணி நேரம் தருவார்கள், இழுப்பதற்கும் கெஞ்சுவதற்கும். யார் யாரோடு நின்றார் என்பதை வங்கிக்காரர் பார்ப்பார், பாதிரியார் பார்ப்பார், முதலாளி பார்ப்பார்.

டிராக்டர் கடையில் உதிரிப்பாகம் எடுத்துக்கொடுத்த ஆர்லோ வோன்ட்ரா, ஒவ்வொரு முறையும் யாரால் ஜெயிக்க முடியுமோ அவர் மூலையில் நின்றார். ஏரிப்பக்கத்தாரும் அங்கேதான் நிற்பார்கள். அம்மாவும் அப்பாவும் ஒரே வண்டியில் வருவார்கள். கூடத்தின் வாசலில் அப்பா அவள் தோளைத் தட்டுவார்.

"போ, போய்த் தோத்துட்டு வா. வண்டியைச் சூடு பண்ணி வைக்கிறேன்."

திரும்பும் வழியில், சட்டையில் ஒட்டியிருந்த, வேட்பாளர் பெயர் போட்ட காகித வில்லையை உரித்து வண்டியின் முன்பலகையில் ஒட்டுவார்கள். அவருடையது ஓட்டுநர் பக்கம், அவளுடையது மறுபக்கம். பலகை முழுக்கப் பழைய தேர்தல்கள்.

நவம்பரில் அப்பா இறந்தார். இதயம். நான் பாலங்களின் உறுதியைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். அடக்கத்துக்கு வந்தேன், விடுப்பு முடிந்தும் திரும்பவில்லை. அம்மா அழுவதற்காகக் காத்திருந்தேன். அவள் பின்வாசல்களுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இந்த முறை அவளுடைய ஆள் ஒரு செனட்டர். அப்பா இருந்திருந்தால் ஒரு முன்னாள் ஆளுநர் பக்கம் நின்றிருப்பார்.

கூட்டத்தன்று மாலை ஏழு மணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆலையில் மாலைப் பணி ஓடுகிற நேரம். வருகிறேன் என்று தங்கள் அடுப்படியில் அம்மாவிடம் தலையாட்டியவர்களில் பாதிப்பேர் அப்போது கத்தியும் கையுமாக நின்றிருப்பார்கள். ஏரிப்பக்கத்தார் முன்னதாகவே வந்து நாற்காலி பிடித்திருந்தார்கள். கூடைப்பந்து வளையத்தின் கீழே எங்கள் மூலை. அம்மா இரண்டு பெரிய தட்டுகளில் ரொட்டிச் சுருள் கொண்டுவந்திருந்தாள். எதிர்மூலைக்காரர்களும் வந்து எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுத் தங்கள் மூலைக்கே திரும்பினார்கள்.

எண்ணினார்கள். எங்கள் மூலையில் ஒரு ஆள் குறைந்தது.

வராதவர் யாரென்று அம்மாவுக்குத் தெரியும். ரஸ். டெல்மர் ஹாஸின் பன்றிக் கொட்டகைகளில் வேலை பார்க்கிறவர். வருவதாகச் சொன்னவர் பிற்பகல் தொலைபேசியில் கூப்பிட்டார்: ஒரே சமயத்தில் பல பன்றிகள் குட்டி போடுகின்றன, குளிர் கடுமை, விட்டுவிட்டு வர முடியாது.

டெல்மர் மட்டும் வந்திருந்தார், ஆளுநர் மூலையில். ஏரிக்கரையில் வீடு, அப்பாவோடு பள்ளியில் படித்தவர், சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர். துக்க வீட்டுக்கு ஒரு முழுப் பன்றித்தொடை கொண்டுவந்தார். பாதி இன்னும் எங்கள் உறைபெட்டியில் கிடக்கிறது. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கூடத்தின் குறுக்கே நடந்து வந்தார்.

"மார்லிஸ், ஒரு ஆள்தானே குறையுது? நான் வந்து நிக்கிறேன். ஆர்லோவுக்காக."

அம்மா அவரை அண்ணாந்து பார்த்தாள். கண் கலங்கியது. நான் நவம்பரிலிருந்து காத்திருந்தது அதற்குத்தான்.

"துக்கத்துக்குத்தான் தொடை குடுத்துட்டியே, டெல்மர். அது போதும். உன் இடத்துக்குப் போ."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"நானும்தான். ஆர்லோ பேரைச் சொல்லி எனக்கு யாரும் ஓட்டுப் போட வேண்டாம். அவரே போட்டதில்ல."

டெல்மர் தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். அம்மா நிமிர்ந்து நின்றாள். அவள் நின்ற விதம் எனக்குப் பிடித்திருந்தது. மாரிசெலாவுக்குப் பிடிக்கவில்லை.

மாரிசெலா ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நிற்பவள். அவளுக்கு எட்டு வயதானபோது அவள் தட்டை அம்மா திரும்ப வாங்காமல் விட்டிருக்கிறாள். அன்று மாலைப் பணியை விட்டுவிட்டு வந்திருந்தாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"எனக்கு இன்னிக்குக் கூலி கிடையாது, மார்லிஸ். நாளைக்கு மேஸ்திரி வேற திட்டுவான். உங்களுக்கு ரோஷம் இருக்கு, சரி. அவரைத் திருப்பி அனுப்புனப்ப எங்க எல்லாரையும் சேத்துத்தான் அனுப்புனீங்க."

அம்மாவின் முகம் சிவந்தது. பென்சிலை எடுத்தாள், திரும்பச் செருகினாள். சுவர்க் கடிகாரத்தில் கொஞ்ச நேரம்தான் பாக்கி. பிறகு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆளுநர் மூலைக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். அங்கே ஒரு பெண்மணி, அம்மா மூலை மாறி வருவதாக நினைத்து நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தாள். அம்மா உட்காரவில்லை.

"டெல்மர், ரஸ் எங்க?"

"கொட்டாயில. உனக்குத்தான் தெரியுமே. நான் அவனைப் போகாதேன்னு சொல்லல."

"போன்னும் சொல்லலையே."

"பன்னிக்குத் தேர்தல் தேதி தெரியுமா?"

"உனக்குத் தெரியும்ல."

பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். டெல்மர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு உன் செனட்டரைக் கண்டாலே ஆகாது, மார்லிஸ்."

"ரஸ்ஸுக்கு ஆகும். நீ இங்க வந்து நிக்கணும்னு அவன் அங்க உன் இடத்துல நிக்கிறான். நீ போய் அவன் இடத்துல நில்லு. ஆர்லோவை விடு. இது உனக்கும் ரஸ்ஸுக்கும்."

அவர் உடனே எழவில்லை. தன் மூலையைச் சுற்றிப் பார்த்தார். வங்கிக்காரர், பல் மருத்துவர், அவர்களின் மனைவிமார். அந்த மூலைக்கு ஆள் ஏராளம். ஒருவர் போனால் ஒன்றும் குறையாது. ஆனால் போகிறவரை எல்லாரும் பார்ப்பார்கள். அம்மா கெஞ்சவில்லை. பள்ளிக்கூடத்தில் கரண்டியோடு நிற்பாளே, வரிசையில் அடுத்த பிள்ளை தட்டை நீட்டும்வரை, அப்படி நின்றாள்.

"ரெண்டாவது எண்ணிக்கை" என்று தலைவர் அறிவித்தார்.

டெல்மர் எழுந்தார். கூடத்தின் குறுக்கே அவர் நடந்தபோது எதிர்ப்பக்கத்தில் யாரோ சீட்டியடித்தார்கள். எங்கள் வளையத்தின் கீழே வந்து, இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றார். எண்ண வந்தவர் அவர் முன் தயங்கினார்.

"எண்ணுய்யா" என்றார் டெல்மர். "ரஸ்ஸுன்னு நெனச்சு எண்ணு."

மூலை கலையாமல் நின்றது. எங்கள் செனட்டருக்கு எங்கள் வட்டாரத்திலிருந்து அடுத்த கட்ட மாநாட்டுக்குப் போக ஒரே ஒரு பிரதிநிதி. ஆளுநருக்கு மற்றவர்களெல்லாம். மாரிசெலா அம்மாவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, மீதிப் பணி நேரத்துக்காவது போய்ச் சேரலாமென்று ஓடினாள். அம்மா கடைசி ரொட்டிச் சுருளைக் காகிதத்தில் சுற்றி டெல்மரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"உனக்கில்ல. கொட்டாய்க்குப் போறல்ல? ரஸ்ஸுக்கு."

"எனக்கு?"

"தட்டுல துகள் இருக்கு, வழிச்சுக்கோ."

அவர் வழித்துத்தான் தின்றார்.

வெளியே வண்டிகள் நிறுத்தும் இடம் பாதி காலியாகிவிட்டிருந்தது. சில வண்டிகள் முன்பே உறுமிக்கொண்டு, சன்னலெல்லாம் தெளிந்து நின்றன. எங்களுடையது இருட்டாக, கண்ணாடியில் பனி பூத்து, நிறுத்திய இடத்தில் நிறுத்தியபடி இருந்தது. அம்மா அதைப் பார்த்துச் சற்று நின்றாள். நான் சாவியைக் கேட்டேன். அவள் தரவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, இருக்கையை முன்னுக்கு நகர்த்தி ஏறி உட்கார்ந்தாள். நான் அவள் வழக்கமாக உட்காரும் மறுபக்கத்தில் ஏறினேன்.

இரண்டாவது முயற்சியில் வண்டி கிளம்பியது. கண்ணாடி தெளியும்வரை ஓட்ட முடியாது. கோட்டிலிருந்த செனட்டர் வில்லையை உரித்து, என் முழங்காலுக்கு மேலே கை நீட்டித் தன் பக்கத்தில் ஒட்டினாள். அது வளையாமல் ஒட்டிக்கொண்டது. பிறகு தன் எதிரே பார்த்தாள். அப்பா கடைசியாக ஒட்டிய வில்லை ஒரு ஓரத்தில் பெயர்ந்து சுருண்டிருந்தது. பெயர் பாதிதான் தெரிந்தது. அவளுக்கு ஒருபோதும் பிடிக்காத ஆள்.

அவள் கையுறையைக் கழற்றினாள். சுருண்ட ஓரத்தைக் கட்டைவிரலால் நீவி, பலகையோடு வைத்து அழுத்தினாள். அந்தக் குளிரில் பழைய பசை பிடிக்காது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. வண்டி சூடாகும்வரை அவள் விரலை எடுக்கவில்லை.