‘வேண்டாம்’ என்று விழுந்த சீட்டு

என் மாமாவிடம் ஒரு மணி இருந்தது. கோயில் மணி அல்ல. கடையில் ஆள் இல்லாதபோது மேலே தட்டிக் கூப்பிடுவார்களே, அந்த வகை. நாங்கள் குடியேறிய டார்னெய்ட் என்ற புறநகரில் எங்கள் தமிழ்ச் சங்கம் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைக்கும்போதெல்லாம் மாமாதான் நடுவர். வெளிநாட்டு வாழ்க்கை இனிக்கிறதா கசக்கிறதா என்று ஆறு பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள், நேரம் தாண்டியவரை மாமா மணி அடித்து உட்கார வைப்பார். மற்ற நாட்களில் அவர் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டினார். ஆனால் என்ன வேலை என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிடங்கைச் சொல்வார்.

அந்த மணிதான் எங்கள் பள்ளிக்கூடத்தில் கறுப்பர் வரலாற்று மாதம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கைத் தீர்த்து வைத்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

வழக்கைத் தொடக்கியவர் அச்சோலின் அம்மா. அச்சோல் என் உயிர்த் தோழி. தென் சூடானிலிருந்து வந்த குடும்பம், எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருந்தார்கள். அவளுடைய அம்மா முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தார். அவர் சிரித்தால் எங்கள் குசினிவரை கேட்கும். ஆண்டில் ஒரு மாதத்தைக் கறுப்பு மக்களின் வரலாற்றுக்கு ஒதுக்க வேண்டும், அந்த மாதம் முழுக்க நூலகத்துக்கு வெளியே இருக்கும் நீளச் சுவரைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்று அவர் பள்ளிக்கூடச் சபைக்கு எழுதிக் கேட்டிருந்தார்.

எனக்கும் அச்சோலுக்கும் அந்தச் சுவர்தான் முக்கியம். அவள் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு நீளமான தாள் சுருள் இருந்தது. அவளுடைய அம்மா சின்ன வயதில் ஊரை விட்டு நடந்த நடை முழுவதையும் அம்மாவும் மகளுமாக அதில் வரைந்திருந்தார்கள். ஆறு, முள்மரம், கென்யாவில் இருந்த முகாம், கடைசியில் எங்கள் தெருமுனை வட்டச்சந்தி. வழி நெடுக நீள நீளக் கொம்பு வைத்த மாடுகள். அந்த மாடுகளில் பாதிக்கு நிறம் தீட்டியவள் நான். ஒரு மாட்டை நானே வரைகிறேன் என்று அடம்பிடித்து, எப்படி வரைவது என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் போட்டுத் தந்த தன் ஊர் மாட்டைப் பார்த்து சின்னக் கொம்பும் பெரிய திமிலுமாக ஒன்றை வரைந்து வைத்தேன். அச்சோலின் அம்மா அதைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இந்த மாடு விசா இல்லாமல் வந்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்” என்றார். அந்தச் சுருள் சுவரில் ஏற வேண்டும். என் மாட்டைப் பள்ளிக்கூடம் முழுக்கப் பார்க்க வேண்டும். இதைவிட எனக்கு உலகத்தில் வேறு கவலை இருக்கவில்லை.

பெரியவர்களுக்கோ வேறு வேறு கவலைகள் இருந்தன. ஒரு இனத்துக்கு மாதம் கொடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா, ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம்தானே என்றார்கள் சிலர். கணக்குப் பாடம் யார் படிப்பிப்பது என்றார்கள் சிலர். எங்கள் வீட்டிலேயே எதிர்ப்பு இருந்தது. பஸ் சாரதியான அப்பா எல்லாப் பயணிகளுக்கும் காலை வணக்கம் சொல்லுகிற மனிதர். ஆனால் இரவு பிட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் ஆள் மாறிவிடுவார்.

“நாங்களும்தான் கையில ஒரு பையோட வந்தனாங்கள். எங்களுக்கு ஆர் மாசம் தந்தவை?”

“நீங்கள் கேட்டனீங்களோ?” என்றார் அம்மா.

அப்பா இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார்.

வீட்டில் சொன்னதைப் பெற்றோர் கூட்டத்திலும் போய் ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு மானம் போயிற்று. அடுத்த நாள் அச்சோல் என் முகத்தைப் பார்த்து, “பரவாயில்லை, உன் அப்பா நல்லவர்தான்” என்றபோது இன்னும் மோசமாகப் போயிற்று.

இரண்டு கூட்டங்கள் சூடாகி, மூன்றாவதை யார் நடத்துவது என்று தெரியாமல் அதிபர் விழித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் மாமா பட்டார். என்னைத் தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போகிறவர் மாமாதான். பள்ளிக்கூடச் சந்தையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசியவரும் அவர்தான். விவாதம் ஒன்றை நடுநிலையாக நடத்தித் தர முடியுமா என்று அதிபர் கேட்டார். பெற்றோர் இருபக்கமும் பேசி முடித்த பிறகு சபை கூடி முடிவெடுக்கும் என்பது அவர் திட்டம். மாமா அதையெல்லாம் காதில் வாங்கினாரோ தெரியாது. விவாதம் என்ற சொல் விழுந்ததுமே, “ஓம் ஓம், நான் பாத்துக்கொள்ளுறன்” என்று அதிபருக்குத் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டார்.

மாமாவுக்குத் தெரிந்த விவாதம் ஒன்றுதான்.

முந்திய கூட்டங்களில் அதிகம் பேசிய ஆறு பேரை அதிபர் நூலகத்துக்கு அழைத்திருந்தார். மூன்று பேர் மாதம் வேண்டும் என்றவர்கள், மூன்று பேர் வேண்டாம் என்றவர்கள். மாமா தன் தொப்பியைக் கழற்றி, மடித்த ஆறு சீட்டுகளை அதற்குள் போட்டுக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் விவாதப் போட்டி என்றால் எந்தப் பக்கம் பேசுவது என்று சீட்டுக் குலுக்கித்தான் தீர்ப்பார்கள். அதுதான் நீதி. சொந்த அபிப்பிராயத்தைப் பேசுவதில் என்ன கெட்டித்தனம் இருக்கிறது என்பது மாமாவின் கட்சி. அதிபருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இது எங்கள் பண்பாடு என்று நினைத்து மிகுந்த மரியாதையோடு தலையசைத்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் பண்பாடு என்றால் எதற்கும் அனுமதி கிடைக்கும்.

நானும் அச்சோலும் புத்தக அடுக்குக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அப்பா சீட்டைப் பிரித்தார்: ‘வேண்டும்.’ அச்சோலின் அம்மா பிரித்தார்: ‘வேண்டாம்.’

இருவரும் தலையில் கைவைத்தோம். மாதத்தைக் கேட்டவரே அது வேண்டாம் என்று பேச வேண்டும். வேண்டாம் என்ற அப்பா வேண்டும் என்று பேச வேண்டும். அச்சோலின் அம்மா பேசினால் எதிரில் யாரும் நிற்க முடியாது. அப்பாவோ பொங்கல் பட்டிமன்றத்தில் ஐந்து ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருப்பவர். சுருள் அலுமாரியை விட்டு இறங்கப் போவதில்லை.

மாமாவுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது போலும். விருப்பமில்லை என்றால் சீட்டை மாற்றித் தருகிறேன் என்று அச்சோலின் அம்மாவிடம் சொன்னார். அவர் சீட்டைப் பார்த்தார். பிறகு அப்பாவை நன்றாகப் பார்த்தார். பிறகு சீட்டைச் சின்னதாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, “வேண்டாம், இதுவே இருக்கட்டும்” என்றார். மாமாவின் சட்டத்தை மீறப் பயப்படுகிறார் என்று நினைத்து எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் அப்பாவைத் தூங்க விடவில்லை. பல் துலக்கும்போதும் பயிற்சி. அப்பாவுக்கும் ரோசம் வந்துவிட்டது. நம்புகிறாரோ இல்லையோ, தோற்க அவருக்கு விருப்பமில்லை. அதுவும் மைத்துனர் நடுவராக இருக்கும் இடத்தில். ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அச்சோல் வீட்டுக்கே போய்விட்டார். எதிரணியிடம் போய்க் குறிப்புக் கேட்கிறவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அச்சோலின் அம்மா கறுவாப் பட்டை போட்ட தேத்தண்ணி தந்தார், சீனி அள்ளிக் கொட்டி. பிறகு சுருளை இறக்கி வரவேற்பறையிலிருந்து நடைவழிவரை விரித்தார். அப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழங்காலிட்டு அதைத் தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு போனார். ஆற்றங்கரையில் ஒரு பெண் தலையில் தையல் இயந்திரத்தோடு நிற்கிற இடத்தில் நின்றுவிட்டார். இதை ஏன் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று கேட்டார். தன் அம்மாவுக்கு அதை விட்டுவிட்டு வர மனமில்லை என்றார் அச்சோலின் அம்மா. அப்பா, எங்கள் வீட்டிலும் ஒருவர் இடம்பெயர்ந்தபோது தையல் இயந்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர் என்றார். யார் என்று சொல்லவில்லை. எனக்குப் பசித்தது, நானும் அச்சோலும் குசினிக்குப் போய் அவர்கள் பொரித்து வைத்திருந்த இனிப்பு மாவுருண்டைகளை முடித்துவிட்டு வந்தோம். திரும்பி வரும்போது அப்பாவின் கையில் ஒரு தடித்த கடித உறை இருந்தது.

வியாழக்கிழமை மாலை மண்டபத்தில் உட்கார இடமில்லை. அம்மா மட்டன் ரோல்ஸ் நான்கு தட்டு செய்திருந்தார். மாமா கோட்டும் சந்தனப் பொட்டுமாக மேடை நடுவில் மணியோடு உட்கார்ந்து, வரவேற்புரைக்கே இருபது நிமிடம் எடுத்தார். அதற்கு மட்டும் யாரும் மணி அடிக்கவில்லை.

அச்சோலின் அம்மா எழுந்தார்.

“எனக்கு இந்த மாதம் வேண்டாம்” என்று தொடங்கினார். “நான் பன்னிரண்டு மாதமும் கறுப்பாகத்தான் இருக்கிறேன். கடையில் காவலாளி பன்னிரண்டு மாதமும் என் பின்னால் வருகிறார், லீவு எடுப்பதே இல்லை.” மண்டபம் சிரித்தது. “இந்த நிலத்தின் சொந்தக்காரர்களான ஆதிக்குடிகளும் கறுப்பு மக்கள்தான். அவர்களுடைய கதையை முப்பது நாளில் சொல்லி முடிக்கிற ஆள் இருந்தால் எழும்பட்டும், நான் உட்காருகிறேன்.” ஒருவரும் எழும்பவில்லை. ஒரு மாதம் கொடுத்துவிட்டு மற்றப் பதினொரு மாதமும் மறந்துவிட அது நல்ல சாட்டு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது. அச்சோல் என் கையை நுள்ளினாள். “அம்மா ஏன் இவ்வளவு நல்லாப் பேசுறா?” என்று அழமாட்டாக்குறையாக ஆங்கிலத்தில் கேட்டாள்.

அப்பா கடைசி. உறையிலிருந்து தாள்களை எடுத்தார். பத்து நாளைக்கு முன்னர் நானே இதை எதிர்த்தவன் என்று ஒத்துக்கொண்டார். பிறகு தாளைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். தன் வரலாற்றைப் புத்தகத்தில் எங்கும் காணாத பிள்ளை, தான் நேற்றுத்தான் பிறந்ததாக நினைத்துக்கொள்ளும் என்றார். பக்கத்துக் கதிரையில் இருப்பவள் எந்த வழியாக வந்தாள் என்று தெரியாமல் அவளோடு எப்படி விளையாடுவது என்று கேட்டார். மண்டபம் அசையாமல் கேட்டது. மாமா மணி அடித்தார். அப்பா நிற்கவில்லை. மாமா மறுபடி அடித்தார்.

“மச்சான், ஒரு நிமிசம் பொறு!” என்று அப்பா ஒலிவாங்கியிலேயே கத்திவிட்டு, தாள்களைக் கீழே வைத்தார். “நான் பஸ் ஓட்டுகிறவன். பஸ் எல்லாத் தெருவாலும்தான் போகிறது. ஆனால் ஏறுவதற்கு ஒரு தரிப்பிடம் வேண்டும். இந்த மாதம் அந்தத் தரிப்பிடம். அங்கேயே நின்றுவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.”

ஆட்கள் எழுந்து நின்றார்கள். கணக்குப் பாடத்துக்காகக் கவலைப்பட்டவரும் எழுந்தார்.

பட்டிமன்றம் என்றால் நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மாமா எழுந்தார். நன்றி மட்டும் சொல்லப் போகிறார் என்று அதிபர் புன்னகையோடு காத்திருந்தார். மாமா ஓங்கி மணியைத் தட்டி, மாதம் வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அதோடு விடவில்லை. எதிரணிச் சகோதரியின் வாதத்திலும் நியாயம் இருப்பதால், மாதம் முடிந்தாலும் சுவரில் ஒட்டியதைக் கழற்றக் கூடாது என்றும் கட்டளையிட்டார். சபை முடிவெடுக்க வேண்டிய விடயம் அது. அதிபர் வாயைத் திறந்தார், ஆனால் கைதட்டலில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் தட்டத் தொடங்கினார். அடுத்த வாரம் சபை கூடி, மாமாவின் தீர்ப்பையே தன் முடிவாக எழுதிக்கொண்டது.

மாமா கொண்டுவந்திருந்த பொன்னாடையை அப்பாவுக்குப் போர்த்தினார். அப்பா பெற்ற முதல் வெற்றி அது. ஆனால் அந்த மனிதர் அடுத்த நிமிடமே அதைக் கழற்றி, மேடையைக் கடந்து போய் அச்சோலின் அம்மாவுக்குப் போர்த்திவிட்டார். எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? தோற்றவருக்கு ஆறுதல் பரிசு தருவதென்றால் ஒரு ரோல்ஸ் தந்திருக்கலாமே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முணுமுணுத்தேன்.

சுருள் சுவரில் ஏறியது. என் மாடும் ஏறியது. நாங்கள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்வரை அது அங்கேயே மேய்ந்தது.

போன மாதம் அப்பாவும் அம்மாவும் ரோவிலுக்கு வீடு மாறினார்கள். பெட்டி கட்டும்போது அந்த உறை கிடைத்தது. உள்ளே மூன்று கடிதங்களின் பிரதிகள், பள்ளிக்கூடச் சபைக்கு ஆண்டுக்கு ஒன்றாக அச்சோலின் அம்மா எழுதியவை. நேற்றுப் பிறந்த பிள்ளை அதில் இருந்தது. பக்கத்துக் கதிரையும் இருந்தது. வரிகளுக்குக் கீழே அப்பா பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் தமிழில் ‘இதை அப்படியே சொல்ல வேணும்’ என்று எழுதியிருந்தார். பஸ் தரிப்பிடம் மட்டும்தான் அவருடையது.

அப்பாவிடம் கேட்டேன். அவர் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டே சொன்னார்: “மூண்டு வருசம் அவா சொல்லேக்க எல்லாரும் மணிக்கூட்டைப் பாத்தவை. அதுக்குள்ள நானும் ஒருத்தன். ‘நீ சொல்லிப் பார், கேக்கினமோ பாப்பம்’ எண்டுதான் தந்தவா.”

அந்த மாலையில் அப்பாவுக்குக் கை தட்டியவர்களில் கடைசியாக ஓய்ந்தவர் அச்சோலின் அம்மா. எல்லோரும் ரோல்ஸ் தட்டை நோக்கிப் போய்விட்டார்கள், அவர் மட்டும் பொன்னாடையோடு நின்று கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தார். தோற்றுப்போன மனுசிக்கு இவ்வளவு சந்தோசம் எங்கிருந்து வருகிறது என்று நான் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.