இடி கேட்ட பிறகு பாடாதவர்

அருளப்பன் இறந்த செய்தி ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. தொழிலாளர் கேம்பில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர் பேசினார். "டூட்டி முடிஞ்சு வந்து படுத்தாரு டீச்சர். எழும்பல. அவரு நோட்டுல உங்க நம்பர் இருந்துச்சு." நான்கு ஆண்டுகளாக அவர் என்னோடு பேசியதில்லை. எண்ணை மட்டும் வைத்திருந்திருக்கிறார்.

அமீரகத்துப் புஜைராவில் நம் பாடகர் குழுவில் இருந்த உங்களுக்கு அவரைத் தெரியும். மணப்பாட்டுக்காரர். துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளில் வெல்டர். தொட்டிகளை ஆய்வு செய்ய அமெரிக்காவிலிருந்து வந்த பென் என்ற நவாஹோ பழங்குடி இனத்தவர் ஓராண்டு அவரோடு ஒரே சைட்டில் இருந்தார். அவரிடம் குழலும் முரசும் கற்றுக்கொண்ட அருளப்பனுக்குச் 'செவ்விந்தியர்' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தவர்கள் நீங்கள். இரங்கல் கூட்டத்தில் 'அபூர்வக் கலைஞர்' என்றவர்களும் நீங்களே.

அந்தக் குழல் கேதுரு மரத்தில் செய்தது. வேதாகமத்தில் மட்டுமே நான் படித்திருந்த மரம். முதல் நாள் என் ஆர்மோனியத்தோடு அதைச் சேர்த்துப் பார்த்தேன். சேரவில்லை. சுருதி தவறு என்றேன். "இது காத்தோட சேரும் டீச்சர், பெட்டியோட சேராது" என்றார். குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு விடுமுறை நாளில் எல்லோரும் மலைப்பக்கம், இங்கே வாதி என்று சொல்லும் ஓடைப் பள்ளத்தாக்குக்குப் போனோம். நீங்கள் கோழி சுட்டுக்கொண்டிருந்தீர்கள். அவர் வறண்ட ஓடையின் வளைவில் நின்று ஊதினார். ஒரு சிறு வரியை ஊதுவார், நிறுத்துவார். பாறை அதைத் திருப்பித் தரும்வரை காத்திருப்பார். அதன் பிறகே அடுத்த வரி. ஐம்பது ஆண்டுகள் இசை சொல்லிக்கொடுத்தவள் நான். காத்திருப்பதும் வாசிப்பில் சேரும் என்று அன்றுதான் கேட்டேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. பாராட்டினால் ஒழுங்கு கெடும் என்று மடத்துக் கன்னியர் எனக்குக் கற்பித்திருந்தார்கள்.

பென் ஊர் திரும்பும்போது குழலோடு ஒரு கேசட்டையும் கொடுத்தார். அவருடைய மாமா பாடிய பாடல்கள். குளிர்காலத்துக்கு மட்டுமே உரியவை. ஆண்டின் முதல் இடி கேட்டதும் நிறுத்திவிட வேண்டும், மேடையில் எப்போதும் பாடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். "இந்த ஊர்ல குளிருங்கிறதே ரெண்டு மாசம். அதுக்குள்ள நான் கேட்டு முடிக்கணும்லா" என்று அருளப்பன் என்னிடம் வேடிக்கையாகச் சொல்வார். ஆனால் மார்ச்சில் மலைமேல் இடி இடித்த அன்றே கேசட்டைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும், நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏப்ரலில் நடந்த நம் ஆண்டு விழாவின் நிகழ்ச்சி நிரலில் 'அருளப்பன்: செவ்விந்தியர் பாடல்' என்று அச்சிட்டேன். அவரைக் கேட்கவில்லை. ஒத்திகையில் அவர் தாளைப் பார்த்தார்.

"குழல் ஊதுறேன். டிரம் அடிக்கிறேன். பாட்டு முடியாது டீச்சர்."

"அச்சடித்தாகிவிட்டது."

"இடியும் கேட்டாச்சு. கலாஸ், முடிஞ்சுபோச்சு."

"இங்கே யாருக்கு அது தெரியப்போகிறது?"

"எனக்குத் தெரியும்லா."

கேம்ப் ஆட்களை மேடையேற்றினால் இதுதான் நடக்கும் என்று எல்லோர் முன்பாகவும் சொன்னேன். உங்களில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவர் குழலை உறையில் போட்டுக்கொண்டு போனார். விழாவன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடியும்வரை கைதட்டினார். அதன் பிறகு குழுவுக்கு வரவில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு நம் குழுவின் செயலாளர் அவருடைய அறைக்குப் போய் அந்தக் கேசட்டைத் தேடி எடுத்து வந்தார். "அவரோட பாட்டாலயே அவருக்கு மரியாதை செய்வோம்" என்றார். ஜூலை மாதம். வெளியே நாற்பத்தைந்து டிகிரி. பென்னுடைய மாமாவின் முதிய குரல் ஒலிபெருக்கியில் எழுந்தது. யாரோ தாளம் போட்டார்கள். சமோசாத் தட்டு வரிசை வரிசையாக வந்தது.

நான் முன்வரிசையில் இருந்தேன். நிறுத்துங்கள் என்று சொல்ல அங்கே எனக்கு மட்டுமே காரணம் முழுதாகத் தெரியும்; ஒத்திகையில் 'இடி' என்ற சொல்லை மட்டுமே நீங்கள் கேட்டிருந்தீர்கள். சொன்னால், அவர் ஏன் குழுவை விட்டுப் போனார் என்பதையும் அத்தனை பேர் முன்பாக என் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. இருபது நிமிடம் ஓடியது. உயிரோடு இருந்தபோது, அவர் அந்தக் கட்டுப்பாட்டை மீறும்படி செய்ய என்னால் முடியவில்லை. இறந்த பிறகு, நாம் எல்லோரும் சேர்ந்து அதைச் செய்து முடித்தோம்.

கூட்டம் முடிந்ததும் கேசட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சிடியில் ஏற்றி எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று செயலாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். இதுவே என் பதில்: தர மாட்டேன். பென்னின் முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும்வரை, துணியில் சுற்றி என் பெட்டிக்குள் அது இருக்கும். டிசம்பர் வந்தாலும் நான் போட்டுக் கேட்கப்போவதில்லை. குளிரில் கேட்கும் உரிமை அவருக்குக் கொடுக்கப்பட்டது. எனக்கல்ல.