எலி வீட்டில் பதினோரு வருஷம்

மூளையை ஆராய்கிற இடம் என்று பெயர்தான் பெரிசு. அங்கே முக்கால்வாசி வேலை எலிப்புழுக்கை அள்ளுவது. படித்தவர்களுக்குக் கீழே வேலை பார்த்து, பதில் பேச முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் இதைப் படித்தால், என் பங்குக்கு ஆறுதல்.

கை

நான் வேலை பார்த்த துணி மில் மூடியபின் நாலைந்து இடத்தில் வாட்ச்மேனாக நின்றேன். எந்த இடத்திலும் என்னை மனுஷனாக மதித்த முதலாளி கிடையாது. அவர்கள் பெயரெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடைசியாக இந்த லேபுக்கு எலி பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். என் வீடு இருக்கிற சாரத்திலிருந்து சைக்கிளில் போனேன்.

அங்கே விஞ்ஞானி ஒரு பெண்பிள்ளை. வசந்தா மேடம். கனகசெட்டிக்குளத்துக்காரர், மீன்பிடிக் குடும்பம். பிரான்சில் எட்டு வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தவர். படிப்பு எவ்வளவு என்று கேட்டார். அஞ்சாவது என்றேன். மில்லில் என்ன வேலை என்று கேட்டார். தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடுவேன் என்றேன். கையை நீட்டச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படிப்பு இங்க எல்லார்கிட்டயும் இருக்குண்ணே. நடுங்காத கைதான் இல்ல. நாளைக்கே வந்துடுங்க."

சந்து

மேடம் செய்வது இதுதான். எலியின் மூளையை மெல்லிசாகச் சீவி உப்புத் தண்ணீரில் உயிரோடு வைத்திருப்பார். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியை ஒரே ஒரு செல்லில் ஒட்டவைத்து, பக்கத்துச் செல் அதற்கு என்ன சொல்கிறது என்று கேட்பார். திரையில் கோடு ஏறி இறங்கும். இரண்டு செல்லும் இழை மாதிரி முடிச்சுப் போட்டிருக்குமா என்று கேட்டேன். இல்லையாம். நடுவில் ஒரு சந்து இருக்கிறதாம். இந்தச் செல் கொஞ்சம் மருந்தைத் தெளிக்க, அந்தச் செல் வாங்கிக்கொள்ளுமாம். அந்தச் சந்தில்தான் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன் என்றார்.

அன்றைக்கு அவர் அம்மா வஞ்சிரக் குழம்போடு வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா தம்பி இது? எங்க தெருவுல ரெண்டு ஊட்டுக்காரியும் வேலிக்கு இந்தாண்டயும் அந்தாண்டயும் நின்னு அப்படித்தான் வசவு தெளிச்சிக்கிறாளுங்க. இத்தப் பாக்கவா பிரான்சு வரைக்கும் போனா?"

பிளம்பர்

ஊசி செல்லில் ஒட்டிவிட்டால் லேபில் யாரும் நடக்கக் கூடாது. மேஜையே காற்று மெத்தைமேல்தான் நிற்கிறது; அப்படியும் வெளியே லாரி போனால் ஊசி நழுவிவிடும். ஒருநாள் குழாய் ரிப்பேருக்கு வந்த பிளம்பர், விஷயம் தெரியாமல் ஸ்பானரோடு உள்ளே கால் வைத்தார். மேடம் தலையைத் திருப்பாமலே கையைத் தூக்கினார். மனுஷன் நின்ற இடத்திலேயே நின்றார். ஊசி முக்கால் மணி நேரம் தாங்கியது, அவரும் தாங்கினார். கோடு அன்றைக்கு நன்றாக விழுந்தது.

வெளியே வந்ததும் பிளம்பர் என்னிடம் சொன்னார்: "சாவு ஊட்ல கூட நான் இவ்ளோ நேரம் சும்மா நின்னதில்லப்பா."

கேள்வி

போன மார்கழியில் கோடு கெட்டுப்போனது. அதற்கு முந்தின வருஷம் அழகாக விழுந்த கோடு இப்போது தாறுமாறாக விழுந்தது. கருவியை மாற்றினார்கள், உப்புத் தண்ணீரை மாற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லை. சித்திரையில் லேபுக்குப் பணம் கொடுக்கிற பெரியவர்கள் டெல்லியிலிருந்து பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் பழைய கோடு திரும்பாவிட்டால் மேடம் கண்டுபிடித்தது பொய் என்று ஆகிவிடும்; லேபும் வேறு ஆளுக்குப் போய்விடும்.

மாசியில் ஒருநாள், எல்லாரும் இருக்கும்போது மேடம் என்னைக் கேட்டார்: "அண்ணே, எலி வீட்டுல எதையாவது மாத்துனீங்களா?" இல்லை என்றேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். பதினோரு வருஷத்தில் ஒரு நாள் தீனி தவறியதில்லை. என்னைப் பார்த்து அந்தக் கேள்வி! அன்றோடு பேச்சை நிறுத்தினேன். சொல்ல வேண்டியதை எல்லாம் ஆராய்ச்சி மாணவி நித்யா மூலம் சொல்லி அனுப்பினேன். மேடமும் அப்படியே பதில் அனுப்பினார்.

பத்து நாளில் நித்யா கும்பிட்டாள்: "பெரியப்பா, சண்டை உங்க ரெண்டு பேருக்கு. தொண்ட கட்டிக்கிட்டது எனக்கு."

மூலை

பங்குனி ஆரம்பத்தில் ஒரு காலை, மேடம் தானே எலி அறைக்கு வந்தார். நான் கூண்டுகளுக்கு மரத்தூள் மாற்றிக்கொண்டிருந்தேன். நான் குனிகிற கூண்டில் எலிகள் எல்லாம் எதிர் மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அடுத்த கூண்டிலும் அப்படித்தான். மேடம் அதைப் பார்த்துக்கொண்டே காற்றை மோந்து பார்த்தார்.

"அண்ணே, முட்டிக்கு இன்னா தடவுறீங்க?"

"தைலம்."

"எப்பத்திலேருந்து?"

"பனிக்கு வலி எடுத்துச்சு. மார்கழியிலேருந்து."

மேடம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எலிக்கு மூக்குதான் கண். காரமான வாசனை தினமும் வந்தால் அது மிரண்டே கிடக்கும். மிரண்ட எலியின் செல்கள் வேறு மாதிரித்தான் பேசும். அதைச் சொல்லிவிட்டு, "நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். எலி வீட்டைத்தானே கேட்டீர்கள், என் முட்டியையா கேட்டீர்கள் என்று நானும் விடவில்லை.

"எலிக்கு உங்க முட்டியும் எலி வீடுதாண்ணே."

டெல்லிக்காரர்கள்

அன்றோடு தைலத்தை விட்டேன். மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் ஏறினேன். சட்டை வேட்டியைக்கூட லேபிலேயே மாற்றிக்கொண்டேன். பங்குனி முடிவதற்குள் பழைய கோடு வந்துவிட்டது. நித்யா அழுதாள். மேடம் மறுபடி மறுபடி பதினைந்து தடவை எடுத்துப் பார்த்தார்.

டெல்லியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கோயம்புத்தூர்க்காரர், மார்கழியிலிருந்து மாசி வரை எடுத்த கோடுகளை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டார். கருவி கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மேடம் தைலக் கதையை ஒன்று விடாமல் சொன்னார். தப்பு தன்னுடையது, என்னிடம் சரியாகக் கேட்கத் தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். நான் கதவோரம்தான் நின்றுகொண்டிருந்தேன். லேப் மேடத்திடமே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கிளம்பும்போது கோயம்புத்தூர்க்காரர் என் முழங்காலைப் பார்த்துச் சிரித்தார்: "ஏனுங்க பெரியவரே, அப்ப அந்தம்மா உங்களச் சந்தேகப்பட்டது சரிதானுங்களே?"

மேடத்தின் சந்தேகம் தப்பாக இருந்திருந்தால் எப்போதோ மன்னித்திருப்பேன். சரியாகப் போய்விட்டதே, அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.