நேத்துக்காரன் வீட்டுப் போன்

அபியாவில் பஸ் ஓட்டும் லாஃபாய்க்கு வாய் சும்மா இருக்காது. ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாரையும் வம்புக்கு இழுப்பான். நாலு மணிக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பாகோ பாகோவில் இருக்கும் தம்பி தவிதாவின் வீட்டுக்குப் போன் போடுவான். இரண்டும் தீவு ஊர்கள். நடுவே கடலில் தேதி மாறும் நாள்கோடு ஓடுகிறது. இங்கே நாலு மணி என்றால் அங்கேயும் நாலு மணிதான். கிழமை மட்டும் ஒன்று பின்னால்.

"என்ன நேத்துக்காரா, சாப்பிட்டியா?"

"நீதான் நாளையில இருக்கியே அண்ணே. நான் என்ன சாப்பிடுவேன்னு நீயே சொல்லு."

"மீன் ஆலையில வேலை பாக்குறவன் வேற என்னத்தடா திங்கப்போற."

வருஷக்கணக்காக இதே கேலி. அது இல்லாவிட்டால் இருவருக்கும் பொழுது போன மாதிரி இருக்காது.

ஒரு புதன்கிழமை லாஃபாய் போட்ட போனை யாரோ எடுத்தார்கள். பேச்சே இல்லை. ஒரு விம்மல், பின்னால் பெண்கள் பாடும் சத்தம், அவ்வளவுதான்.

"டேய், யார்கிட்ட விளையாடுற? வை போனை" என்று எரிந்து விழுந்து துண்டித்துவிட்டான்.

தவிதாவுக்கு அது செவ்வாய்க்கிழமை. அன்று இரவு விளக்கோடு பவளப்பாறைக்கு மீன் குத்தப் போனவனை அலை இழுத்துக்கொண்டது.

செய்தி வந்ததும் லாஃபாய் வியாழன் காலை சாவு வீட்டில் முறைக்குக் கொடுக்கும் பாய்களைச் சுருட்டிக்கொண்டு விமானம் ஏறினான். இறங்கிய ஊரில் புதன் நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் அபியாவில் அவன் வாழ்ந்து முடித்த அதே புதன்.

தம்பி மனைவி செலேனா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நேத்து ஏன் அத்தான் போன் பண்ணல? போன் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. அண்ணன் மறந்துட்டான்னு சொல்லிட்டுத்தான் கடலுக்குக் கெளம்புனாரு."

"பண்ணினேனே. யாரோ எடுத்தாங்களே."

"மணியே அடிக்கலையே."

கூடத்தில் சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். போனில் கேட்ட அதே பாட்டு. சுவரில் மணி நாலு. போன் அடித்தது. பக்கத்தில் நின்ற லாஃபாய் எடுத்தான்.

"என்ன நேத்துக்காரா, சாப்பிட்டியா?"

அவனுடைய சொந்தக் குரலேதான்.

அவனுக்கு விளங்கிவிட்டது. அபியாவின் புதனில் அவன் போட்ட போன் இந்த ஊர்ப் புதனில் வந்து அடிக்கிறது. இந்தக் குரல் பேசுகிற நேரத்தில் தவிதா இன்னும் கரையில்தான் இருக்கிறான். 'மறுபடி கூப்பிடு, கடலுக்குப் போகாதேன்னு சொல்லு' என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தான். ஊரையே பேசிச் சிரிக்கவைத்தவனுக்கு ஒரு சொல் எழவில்லை, விம்மல்தான் வந்தது.

"டேய், யார்கிட்ட விளையாடுற? வை போனை."

அதே போனில் தன்னுடைய கைப்பேசி எண்ணையே அழுத்தினான். எடுடா, எடுடா என்று முனகினான்.

அவனுடைய சட்டைப் பையில் மணி அடித்தது.